கர்த்தர் என்னிடம் மட்டும் ஏன் பேசுவதில்லை?

தம்பி, உங்கள் கேள்வியை மூன்று முறை வாசித்தேன். முதல் வரியில் நீங்கள் கேட்டிருப்பது, தேவன் ஏன் விசுவாசிகளோடு பேசுகிறார், அதை எப்படிக் கேட்பது என்று. ஆனால் உங்கள் மனம் அதற்குக் கீழே எழுதியிருக்கும் விவரத்தில்தான் இருக்கிறது. பெங்களூர் ஒயிட்ஃபீல்டில் வேலை, லிங்கராஜபுரத்தில் வீடு. கம்பெனி இரண்டு வருடத்துக்கு ஜெர்மனி போகச் சொல்கிறது, மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். வீட்டு ஜெபத்துக்கு வந்த ஒரு மூத்த சகோதரி, "போக வேண்டாம் என்று கர்த்தர் சொல்கிறார்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து அம்மா அழுதுகொண்டிருக்கிறார். பத்து வருடமாக ஜெபிக்கிற உங்களுக்கோ ஒரு சத்தமும் கேட்டதில்லை. ஞாயிறுதோறும் சாட்சி சொல்கிறவர்களிடமெல்லாம் பேசுகிறவர் உங்களிடம் பேசவில்லை என்றால், அவர் உங்களை ஒதுக்கிவிட்டாரா? நீங்கள் உண்மையில் கேட்பது இதுதான் என்று நினைக்கிறேன். இல்லை, அவர் ஒதுக்கவில்லை. இதை முதலில் சொல்லிவிட்டு மற்றதற்கு வருகிறேன்.

நான் திருநெல்வேலிப் பக்கத்துக்காரன். 1989-இல் இறையியல் படிக்க பெங்களூருக்கு வந்தேன். அப்புறம் இங்குள்ள தமிழ்ச் சபைகளில் ஆயராக இருந்து ஓய்வு பெற்றேன். சிவாஜிநகர், அல்சூர், காக்ஸ் டவுன் வீடுகளில் உட்கார்ந்து, "ஐயரே, கர்த்தர் என்னோடு பேசினார்" என்று சொன்னவர்களையும், "என்னோடு பேசவே மாட்டேன் என்கிறார்" என்று அழுதவர்களையும் நிறையக் கேட்டிருக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்துதான் எழுதுகிறேன். உங்கள் அம்மாவையோ அந்தச் சகோதரியையோ எனக்குத் தெரியாது. அதனால் அந்த வார்த்தை கர்த்தருடையதா இல்லையா என்று இங்கிருந்து தீர்ப்புச் சொல்ல மாட்டேன். அதை எப்படிச் சோதிப்பது என்று மட்டும் சொல்ல முடியும்.

பெங்களூருக்கு வந்த புதிதில் சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டில் டவுன் பஸ் ஏறுவேன். கண்டக்டர் கன்னடத்தில் ஏதோ கத்துவார், எனக்கு அது வெறும் இரைச்சல். பக்கத்தில் நிற்பவர் சிரித்துக்கொண்டே பதில் சொல்வார், நான் விழித்துக்கொண்டு நிற்பேன். ஆறேழு மாதம் போனது. ஒருநாள் அதே இரைச்சலுக்குள்ளிருந்து "எல்லிகே?" என்பது தனியாக வந்து விழுந்தது. எங்கே போக வேண்டும் என்று கேட்கிறார். அத்தனை நாளும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். என் காதில் கோளாறு எதுவும் இருந்ததில்லை, அந்த மொழியோடு இன்னும் போதுமான நாள் வாழவில்லை, அவ்வளவுதான். பத்து வருடம் ஜெபித்தும் ஒன்றும் கேட்கவில்லை என்று ஒருவர் சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்தக் கண்டக்டர்தான் ஞாபகம் வருவார்.

வேதத்திலேயே இதற்கு ஒரு சிறுவன் இருக்கிறான். சாமுவேல் ஆலயத்திலேயே படுத்திருக்கிறான், பகலெல்லாம் ஆலய வேலைதான் செய்கிறான். கர்த்தர் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். அவன் எழுந்து ஆசாரியன் ஏலியிடம் ஓடுகிறான். ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்று தடவை. சத்தம் அவன் காதில் தெளிவாகத்தான் விழுந்தது, யாருடையது என்றுதான் தெரியவில்லை. அந்த அதிகாரம் அவனைக் குறை சொல்வதில்லை. அவன் கர்த்தரை இன்னும் அறியாதிருந்தான் என்று மட்டும் சொல்கிறது. பார்வை மங்கிப்போன, தன் பிள்ளைகளைக் கண்டிக்கத் தவறிய ஒரு கிழவர்தான் அது யார் என்று அவனுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்: "சொல்லும், அடியேன் கேட்கிறேன்" என்று சொல். தனியாகக் கேட்கத் தெரியாதவனுக்கு இன்னொருவர் துணை தேவைப்பட்டது என்பதை நம் சபைகளில் யாரும் அழுத்திச் சொல்வதில்லை. அப்புறம் இன்னொன்று. அந்த இரவில் சாமுவேலுக்குக் கிடைத்த முதல் செய்தி அவனுக்கு இனிப்பானதல்ல. தன்னை வளர்த்தவரின் குடும்பத்துக்கு வரப்போகிற நியாயத்தீர்ப்பு அது. விடியும்வரை படுத்திருந்தான், அதைச் சொல்லப் பயந்தான். நாம் விரும்பியதையே திருப்பிச் சொல்கிற குரலை நான் சற்றுச் சந்தேகத்தோடு பார்ப்பதற்கு அந்த இரவும் ஒரு காரணம்.

சரி, தேவன் ஏன் பேச வேண்டும்? எல்லாம் வல்லவர் தாம் நினைத்ததைச் செய்துவிட்டுப் போகலாமே. இதற்கு நான் கண்ட சிறந்த விளக்கம் நம் மொழியில்தான் கிடைத்தது. கல்லூரியில் எபிரெயம் படித்தபோது 'ஷாமா' என்ற வினைச்சொல்லைச் சொல்லிக்கொடுத்தார்கள். காதால் கேட்பது, கீழ்ப்படிவது இரண்டுக்கும் அது ஒரே சொல். "இஸ்ரவேலே, கேள்" என்ற உபாகமக் கட்டளையில் வருவது அதுதான். எனக்கு அது புதிதாகவே தெரியவில்லை. "அம்மா சொன்னால் கேட்க மாட்டாயா?" என்று திட்டு வாங்கி வளர்ந்தவன்தானே நானும். ஆனால் தமிழில் 'கேள்' என்பதற்கு மூன்றாவது பொருளும் உண்டு: வினவுவது, வேண்டுவது. அன்னாள், கர்த்தரிடத்தில் அவனைக் கேட்டேன் என்று சொல்லித்தான் மகனுக்குச் சாமுவேல் என்று பேர் வைத்தாள். அந்த மகன் வளர்ந்து, "அடியேன் கேட்கிறேன்" என்கிறான். எபிரெயத்தில் தாயின் சொல் வேறு, மகனின் சொல் வேறு. தமிழில் இரண்டும் ஒரே சொல்லாகி நிற்கிறது.

அந்தச் சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு வேதத்தைப் புரட்டியபோது நான் கவனித்தது இது. தேவன் வாய் திறக்கும் இடங்களில் எத்தனை இடங்களில் அவரே கேட்கிறவராக இருக்கிறார்! ஒளிந்துகொண்ட ஆதாமிடம், "நீ எங்கே இருக்கிறாய்?" வனாந்தரத்துக்கு ஓடிய அடிமைப்பெண் ஆகாரிடம், எங்கே இருந்து வருகிறாய், எங்கே போகிறாய். சாக வேண்டும் என்று சொல்லிவிட்டு ஓரேப் மலைக் குகைக்கு வந்து சேர்ந்த எலியாவிடம், "இங்கே உனக்கு என்ன காரியம்?" காற்று, பூமி அதிர்ச்சி, அக்கினி எல்லாம் போன பிறகு வந்த "அமர்ந்த மெல்லிய சத்தம்" பற்றி நூறு பிரசங்கம் கேட்டிருப்பீர்கள். அந்தச் சத்தத்துக்குப் பின்னால் வந்த முதல் வார்த்தையும் அதே கேள்விதான், இரண்டாம் தடவையாக. பதில் தெரியாமல் அவர் கேட்கவில்லை. மனிதன் வாய் திறந்து தன்னைச் சொல்ல வேண்டும் என்று கேட்கிறார். உறவுக்காகத்தான் அவர் பேசுகிறார் என்று நான் நம்புவது இதனால்தான். நாம் ஜெபத்தில் 'போ' அல்லது 'போகாதே' என்ற உத்தரவுக்குக் காத்திருக்கிறோம். அவரோ ஒருவேளை நம்மிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கலாம்.

எனக்கு உறுதியாகத் தெரிந்த பகுதியை முதலில் சொல்கிறேன். தேவன் குமாரன் மூலமாய் நமக்குத் திருவுளம்பற்றினார், அதாவது பேசினார், என்று எபிரெயர் நிருபம் தொடங்குகிறது. திருச்சபை எந்தப் பிரிவானாலும் இதில் ஒருமனம். இயேசுவின் வாழ்விலும் வார்த்தையிலும் சொல்லப்பட்டதற்கு மாறான எதுவும், எவ்வளவு கண்ணீரோடும் வல்லமையோடும் வந்தாலும், அவர் குரல் அல்ல. ஆகவே கேட்கப் பழகுவதற்கான முதல் இடம் வேதம். ஆனால் நம் பழக்கம் ஒன்று இதைக் கெடுக்கிறது. டிசம்பர் 31 இரவு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுக்கிறோம். அதை நான் இழிவாகப் பேச மாட்டேன், எத்தனையோ வீட்டுச் சுவரில் அந்த அட்டை ஒரு வருடம் முழுக்கத் தைரியம் கொடுத்ததைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அட்டையில் ஒரு வசனம்தான் இருக்கும், அதன் முன்னும் பின்னும் இருக்காது. நம் எல்லோருக்கும் பிடித்த எரேமியா 29:11-ஐ எடுத்துக்கொள்ளுங்கள், சமாதானத்துக்கேதுவான நினைவுகள் என்று வருமே, அது. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதம் அது. அதற்கு முந்தின வசனம், எழுபது வருடம் ஆகும் என்கிறது. இன்னும் மேலே போனால், அந்த அந்நிய ஊரில் வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் என்று இருக்கிறது. ஊர் விட்டு ஊர் வந்து பெங்களூரில் வேர் பிடித்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை, இன்னொரு தேசத்துக்குப் போகலாமா என்று யோசிக்கிற நேரத்தில், அந்த அதிகாரம் முழுவதும் வாசிக்க வேண்டியது. போகச் சொல்கிறது என்று நான் சொல்லவில்லை. எந்த ஊரில் இருந்தாலும் எப்படி வாழ வேண்டும் என்று அது பேசுகிறது.

வாசிக்கிற விதத்துக்கு ஒரு பழைய முறை இருக்கிறது. 12-ஆம் நூற்றாண்டில் கார்த்தூசியன் துறவி இரண்டாம் குய்கோ அதை நான்கு படிகளுள்ள ஏணி என்று எழுதி வைத்தார்: வாசிப்பது, அசைபோடுவது, ஜெபிப்பது, அப்புறம் சும்மா இருப்பது. நான் செய்வதைச் சொல்கிறேன். காலை ஐந்தரைக்கு, வீட்டில் முதல் குக்கர் விசில் வருவதற்கு முன், ஐந்தாறு வசனம் மட்டும் வாய்விட்டு வாசிப்பேன். ஏதாவது ஒரு சொல் முள் மாதிரி மாட்டும். மாட்டவில்லை என்றால் விட்டுவிடுவேன், வலிந்து தேட மாட்டேன். மாட்டினால், இந்த வார்த்தை என்னிடம் என்ன கேட்கிறது என்று மட்டும் யோசிப்பேன். பத்து நிமிடம் பேசாமல் உட்காருவேன். பெரும்பாலான நாட்களில் ஒன்றும் நடக்காது. ஆனால் பகலில், யாரோ ஒருவரிடம் எரிந்து விழப்போகிற நேரத்தில், காலையில் வாசித்த அந்தச் சொல் குறுக்கே வந்து நிற்கும். என்னைக் கேட்டால், 'கர்த்தர் பேசினார்' என்று நான் சொல்லத் துணிவது பெரும்பாலும் இந்த அளவுக்குத்தான்.

இனி, உறுதியில்லாத பகுதி. உள்ளத்தில் தோன்றும் ஏவுதல், பாரம், சொப்பனம், தரிசனம். இவை மூலமாக தேவன் பேசுவதே இல்லை என்று சொல்ல மாட்டேன், வேதம் முழுக்க அவை இருக்கின்றன. ஆனால் நம் ஆசையும் பயமும் இதே வாசல் வழியாகத்தான் வருகின்றன. இதைப் பிரித்துப் பார்க்கக் கற்றுத்தந்தவர்களில் இயேசு சபையைத் தொடங்கிய லொயோலாவின் இக்னேஷியஸை முக்கியமாகச் சொல்வேன். 1521-இல் பம்ப்லோனா போரில் பீரங்கிக் குண்டு பட்டு, கால் உடைந்து படுத்துக் கிடந்தார். வீரசாகசக் கதைப் புத்தகம் கேட்டார், வீட்டில் இல்லை. கிறிஸ்துவின் வாழ்க்கையும் பரிசுத்தவான்களின் கதைகளும்தான் கிடைத்தன. போர்வீரனாகப் புகழ் பெறுவதைக் கற்பனை செய்தால் அந்த நேரத்துக்கு இனிக்கும், பிறகு மனம் வறண்டுபோகும். பரிசுத்தவான்களைப் போல வாழ்வதைக் கற்பனை செய்தால், யோசித்து முடித்த பிறகும் மகிழ்ச்சி தங்கும். அந்த வித்தியாசத்தை அவர் கவனித்தார். ஒரு எண்ணம் வரும்போது எப்படி இருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், அது போன பிறகு என்ன வைத்துவிட்டுப் போகிறது என்று பார்க்கச் சொன்னார். அவர் விதிகளில் எனக்கு மிகவும் உதவியது ஒன்று உண்டு. மனம் இருண்டு சோர்ந்திருக்கும் நேரத்தில், முன்பு தெளிவாக இருந்தபோது எடுத்த தீர்மானத்தை மாற்றாதே. இன்றைக்கு நீங்கள் இருக்கும் நிலையில் இதைத் திரும்பத் திரும்ப வாசியுங்கள்.

அடுத்தவருக்காக, 'கர்த்தர் சொன்னார்' என்று சொல்வது இன்னும் பொறுப்பான காரியம். இதை நான் கற்றுக்கொண்டது ஒரு குடும்பத்தைக் காயப்படுத்தித்தான். ஊழியத்துக்கு வந்து மூன்று வருடம்கூட ஆகியிருக்காது. சபையில் ஒரு தாய் ஆஸ்பத்திரியில் இருந்தார். நான் ஜெபித்தபோது உள்ளத்தில் பெரிய நிச்சயம் வந்தது. அவருடைய பிள்ளைகளிடம், "கர்த்தர் என்னிடம் சொன்னார், அம்மா எழுந்து வருவார்" என்றேன். ஒன்பதாம் நாள் அவர் இறந்துபோனார். அடக்கத்தின்போது மூத்த மகள் என்னைப் பார்த்த பார்வையை இன்றும் மறக்கவில்லை. எனக்கு வந்தது நிச்சயம்தான், பொய் சொல்லவில்லை. ஆனால் அது அந்தப் பிள்ளைகள்மேல் எனக்கிருந்த இரக்கம். அதைக் கர்த்தருடைய குரல் என்று எடுத்துக்கொண்டேன். பிறகு அந்த மகளிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அன்றிலிருந்து, "எனக்கு இப்படித் தோன்றுகிறது, நீங்களே ஜெபித்துச் சோதித்துப் பாருங்கள்" என்பதற்கு மேல் யாரிடமும் சொல்வதில்லை.

அதனால் அந்தச் சகோதரியை நான் பொய்யர் என்று நினைக்கவில்லை. அன்போடும் சொல்லியிருக்கலாம். தீர்க்கதரிசனத்தை அற்பமாக எண்ண வேண்டாம் என்று சொல்கிற பவுல், அடுத்த மூச்சிலேயே எல்லாவற்றையும் சோதித்துப் பார்க்கச் சொல்கிறார். அப்போஸ்தலர் 21-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். எருசலேமுக்குப் போக வேண்டாம் என்று சீஷர்கள் பவுலிடம் ஆவியின் ஏவுதலால் சொல்கிறார்கள். பிறகு அகபு என்ற தீர்க்கதரிசி பவுலின் கச்சையை எடுத்துத் தன் கைகால்களைக் கட்டிக்கொண்டு, இதை உடையவனுக்கு அங்கே இப்படித்தான் ஆகும் என்கிறார். கூட இருந்தவர்கள் அழுகிறார்கள். பவுல் என்ன செய்தார்? போனார். அகபு சொன்னது பொய் என்று அவர் சொல்லவில்லை. ஆபத்து வரும் என்பது உண்மைதான், ஆனால் போவதா வேண்டாமா என்பது தான் கர்த்தருக்கு முன் தீர்மானிக்க வேண்டியது என்று எடுத்துக்கொண்டார். அதற்கு ஐந்து அதிகாரம் முன்னால், மக்கெதோனியாவுக்கு வரச்சொல்லி ஒருவன் அழைக்கிற தரிசனத்தைப் பவுல் ஒருவர்தான் கண்டார். ஆனால் அது கர்த்தருடைய அழைப்பு என்று "நாங்கள்" நிச்சயித்துக்கொண்டோம் என்று எழுதியிருக்கிறது. அந்தப் பன்மை முக்கியம். உங்களைப் பல வருடமாகத் தெரிந்த, நீங்கள் போனாலும் இருந்தாலும் தனக்கு ஆதாயமோ நஷ்டமோ இல்லாத இரண்டு பேரைத் தேடுங்கள். அவர்கள் முன்னால் இந்த வார்த்தையை வையுங்கள்.

மௌனத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், அதுதான் உங்களை அதிகம் வருத்துகிறது. அன்னை தெரசா 1946 செப்டம்பர் 10 அன்று டார்ஜிலிங் போகிற ரயிலில், ஏழைகளிலும் ஏழைகளுக்கு ஊழியம் செய்யும் அழைப்பைக் கேட்டார். அது எல்லோருக்கும் தெரிந்த கதை. அவருடைய மரணத்துக்குப் பத்து வருடம் கழித்து, 2007-இல், அவருடைய கடிதங்கள் புத்தகமாக வெளிவந்தபோதுதான் மற்றது பரவலாகத் தெரிந்தது. ஊழியத்தைத் தொடங்கிய பிறகு ஏறக்குறைய வாழ்நாள் முழுவதும் அவர் உள்ளத்தில் இருட்டுதான் இருந்தது. ஜெபித்தால் வெறுமை. அந்த வெறுமையோடுதான் தினமும் எழுந்து அந்த வேலையைச் செய்தார். அவரைத் தேவன் ஒதுக்கினார் என்று யார் சொல்லத் துணிவார்கள்? மௌனம் ஏன் வருகிறது என்று என்னால் முழுதாக விளக்க முடியாது. விசுவாசக் குறைவால் வருகிறது என்று உங்களிடம் யாராவது சொன்னால் மட்டும் நம்பாதீர்கள்.

இன்னொரு விஷயம், இது உங்களுக்காக இல்லாவிட்டாலும் வாசிக்கிற வேறு யாருக்காவது தேவைப்படலாம். அன்புக்குரியவரைப் பறிகொடுத்தவர்களுக்கு அவர் குரல் காதில் விழுவது சாதாரணமாக நடக்கிறது, அதற்குப் பயப்பட வேண்டாம். ஆனால் ஒரு குரல் விடாமல் பேசினாலோ, திட்டினாலோ, உன்னையோ பிறரையோ காயப்படுத்து, சாப்பிடாதே, தூங்காதே என்று கட்டளையிட்டாலோ, அதைக் கேட்கிறவரை உபவாச ஜெபத்தில் மட்டும் உட்கார வைக்காதீர்கள். நான் மருத்துவன் இல்லை. ஆனால் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை இருக்கிற ஊரில் வாழ்கிறோம். 14416 என்ற டெலி மனாஸ் மனநல உதவி எண்ணுக்குக் கூப்பிட்டால் காசு இல்லாமல் பேசலாம். சபை ஆட்கள் சிலரை நானே டாக்டரிடம் அழைத்துப் போயிருக்கிறேன். மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே ஞாயிறு ஆராதனைக்கும் வந்தார்கள்.

இப்போது உங்கள் மாதக் கடைசிக்கு வருவோம். இன்னும் நாள் இருக்கிறது. முதலில் ஒரு வாரம், 'நான் போகிறேன்' என்று தீர்மானித்துவிட்டதாகவே வைத்துக்கொண்டு காலையில் ஜெபியுங்கள், வேலைக்குப் போங்கள், தூங்குங்கள். அடுத்த வாரம் 'போகவில்லை' என்று வைத்துக்கொண்டு அதையே செய்யுங்கள். ஒவ்வொரு இரவும் மனதில் என்ன தங்கியிருக்கிறது என்று இரண்டு வரி எழுதுங்கள். சமாதானமா, பயமா, பெருமையா, அல்லது வெறும் நிம்மதியா. நிம்மதியும் சமாதானமும் ஒன்றல்ல, அதையும் பிரித்து எழுதுங்கள். பிறகு அந்தத் தாளை நான் சொன்ன இரண்டு பேரிடம் காட்டுங்கள். இதையெல்லாம் செய்தும் ஒன்றும் தெளிவாகவில்லை என்றால், இரண்டில் எதுவும் பாவமான காரியம் இல்லாதபட்சத்தில், கொடுத்த புத்தியை வைத்துத் தீர்மானியுங்கள். அதுவும் அவர் கொடுத்ததுதான்.

அம்மாவிடம் என்ன சொல்வது என்று கடைசியாகக் கேட்டிருந்தீர்கள். இப்போதைக்கு ஒன்றும் சொல்லாதீர்கள். ஞாயிறு மத்தியானம் சாப்பாடு முடிந்து வீடு அடங்கிய பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, "அம்மா, நான் போனால் உங்களுக்கு என்ன பயம்?" என்று கேளுங்கள். அந்தச் சகோதரி சொன்னதை அவர் ஆரம்பித்தால், "அதைப் பிறகு பேசலாம்மா, உங்களுக்கு என்ன பயம்?" என்று திரும்பவும் கேளுங்கள். அப்புறம் அவர் பேசி முடிக்கும்வரை குறுக்கே எதுவும் பேச வேண்டாம்.